பாரத் டிஏபி 50 கிலோ மூட்டை: நாலு போகம் போட்டுப் பாத்துட்டு எழுதுறேன்

மொதல்ல சரக்கு எப்படின்னு சொல்லிடுறேன், அவசரத்துல இருக்கவங்க அத மட்டும் படிச்சிட்டுப் போய்க்கலாம். டிஏபி, அதாவது டை அமோனியம் பாஸ்பேட், நல்ல உரம், அதுல எனக்கு சந்தேகமே கெடையாது. கடைசி உழவுல அடியுரமா எறைச்சு விட்டு பரம்படிச்சு நட்டோம்னா பத்து பன்னெண்டு நாள்ல நாத்து பச்சை புடிச்சு நிக்கிறது கண்ணுக்குத் தெரியும், வேரு நல்லா எறங்கும், தூர் கட்டுறதும் வயல் பூரா ஒரே சீரா இருக்கும். நூத்துக்கு 18 தழைச்சத்து (நைட்ரஜன்), 46 மணிச்சத்து (பாஸ்பேட்). அப்ப 50 கிலோ மூட்டையில 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் இருக்கு, எங்க ஊர் கடையில கெடைக்கிற வேற எந்த மூட்டையிலயும் இவ்ளோ மணிச்சத்து கெடையாது. வெலை 1350 ரூபா, கிலோ 27 ரூபா கணக்கு. இந்த வெலைக்கு இந்தச் சத்துன்னா அது ரொம்ப பெரிய விஷயம், ஏன் பெரிய விஷயம்னு கீழ சொல்றேன்.

நான் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல இருக்கேன், கோரையாத்துப் பாசனம், 12 மா நஞ்சை, அதாவது 4 ஏக்கர். அப்பா தவறினதுக்கப்புறம் நான்தான் பாக்குறேன். 2023ல குறுவையும் தாளடியும், 2024ல மேட்டூர் ஜூலை கடைசியிலதான் தொறந்தாங்கன்னு குறுவைய விட்டுட்டு சம்பா மட்டும், இந்த 2025ல குறுவை, ஆக நாலு போகம் இந்த மூட்டையத்தான் வாங்கிப் போட்டிருக்கேன்.

மூட்டையப் பத்தி. 2022 அக்டோபர்லேர்ந்து எந்தக் கம்பெனி மானிய உரமா இருந்தாலும் மேல பெருசா பாரத்னுதான் இருக்கும், மூட்டையில மூணுல ரெண்டு பங்கு எடம் அதுக்கே போயிடுது, மிச்சம் ஒரு பங்குலதான் கம்பெனி பேரு, வெவரமெல்லாம் பொடி எழுத்துல. அப்பா மூட்டையோட கலரைப் பாத்தே இது தூத்துக்குடி சரக்கு, இது வெளிநாட்டுச் சரக்குன்னு தூரத்துலேர்ந்தே சொல்லிடுவாரு. இப்ப அப்படி முடியாது, பொரட்டிப் போட்டுத் தேடணும். நான் தேடினேன், ஒரு மூட்டையில மொராக்கோன்னு போட்டிருந்துச்சு. அந்த ஒரு வார்த்தையப் புடிச்சிக்கிட்டுப் போனதுதான் இந்த ரிவ்யூ இவ்ளோ நீளமா வர்றதுக்குக் காரணம்.

சரக்கு அசலான்னு பாக்குறதுக்கு ஒரு வழி இருக்கு, எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. நாலஞ்சு குருணைய உள்ளங்கையில வச்சு வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு கொஞ்சம் சேத்து நல்லா தேச்சுப் பாருங்க, மூக்கைத் துளைக்கிற மாதிரி அமோனியா நெடி வந்தா அது டிஏபி. நான் வாங்கின எல்லா மூட்டையும் இதுல தேறுச்சு. கலரைப் பாத்து ஏமாறாதீங்க. ஒரு மூட்டை கருப்பா இருந்துச்சு, ஒண்ணு சாம்பல், ஒண்ணு வெளிர் மஞ்சள். கருப்புதான் வீரியம்னு எங்க பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கு. பாறை எந்த ஊரு, அதுல என்ன கலந்திருக்குங்கறதப் பொறுத்துத்தான் கலர் மாறுது, சத்து மூட்டையில போட்டிருக்குற அளவுதான்.

இப்ப கடை. இந்த வருஷம் ஜூன் 12ல மேட்டூர் தொறந்து தண்ணி எங்க வாய்க்காலுக்கு வந்து சேர்றதுக்குள்ளயே சொசைட்டில டிஏபி தீந்துபோச்சு. மூணு தடவ போனேன், ஆதாரு, பட்டா, எல்லாத்தையும் பையில போட்டுக்கிட்டு. லோடு வரலம்மா, வந்தா போன் பண்றேன்னாங்க. நாத்து பறிக்கிற நாள் நெருங்கிடுச்சு, உரம் இல்லாம சேத்தைக் கலக்கி வச்சிட்டு ஒக்காந்திருக்க முடியாது, அதனால தனியார் கடைக்குப் போனேன். எந்தக் கடைன்னு எழுத மாட்டேன், ஏன்னா சுத்துவட்டாரத்துல ஒரு கடையில மட்டும் நடக்குற விஷயம் இல்ல இது. டிஏபி இருக்கு, ஆனா மூட்டைக்கு ஒரு நானோ உரப் பாட்டிலும் ஒரு ஜிங்க் பாக்கெட்டும் சேத்துத்தான் எடுத்துக்கணும்னாரு. எனக்கு அது வேணாமேண்ணேன்னு கேட்டேன். எங்களுக்கும் மேலேர்ந்து அப்படித்தாம்மா தலையில கட்டி அனுப்புறாங்க, நான் அதை யாருகிட்ட விக்கிறதுன்னு சொல்லி ரசீதக் காமிச்சாரு, பாட்டில் பெட்டிங்க சுவரோரமா இடுப்பு ஒசரத்துக்கு அடுக்கியிருந்துச்சு. மெஷின்ல கைரேகை வச்சு பில்லு மூட்டைக்கு 1350ன்னு சரியா வந்துச்சு, பாட்டில் பாக்கெட்டுக்கு தனித்தாள். ரெண்டு மூட்டைக்கு 2700 ஆக வேண்டியது 3400க்கு மேல ஆச்சு. மானிய உரத்தோட வேற பொருள் வாங்கச் சொல்லி கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு வேளாண்மைத் துறையே சொல்லுது, புகார் கொடுக்கலாம், ஆனா நாளைக்கு நடவு வச்சிருக்கவ இன்னைக்கு எந்த ஆபீஸ் வாசல்ல போய் நிக்கிறது? குத்தகைக்குப் பண்றவங்க நெலமை இன்னும் மோசம், அவங்க கடனுக்கு எடுக்குறாங்க, அதனால கடைக்காரரு எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கணும். சரக்குக்கு அஞ்சுக்கு அஞ்சு கொடுப்பேன், கெடைக்கிறதுக்கு ஒண்ணு கூட கொடுக்க மனசு வரல.

லோடு ஏன் வரலன்னு யாரும் ஒழுங்கா சொல்லல. நானே தேடித் தெரிஞ்சுக்கிட்டது இது.

டிஏபி எப்படி ஆகுதுன்னா பாஸ்பேட் பாறைய வெட்டி அரைச்சு கந்தக அமிலத்துல போட்டா பாஸ்பாரிக் அமிலம் வரும், அதோட அமோனியா சேத்து குருணையாக்குனா டிஏபி. பாறை சுரங்கத்துலேர்ந்து, கந்தகம் பெரும்பாலும் எண்ணெய் எரிவாயு சுத்திகரிக்கிற எடத்துலேர்ந்து, அமோனியா எரிவாயுலேர்ந்து. மூணும் பூமிய நோண்டி எடுக்குறது. இதுல நம்ம நாட்டுல ராஜஸ்தான் உதய்பூர் பக்கம் ஜமர்கோத்ராவுல கொஞ்சம் பாறை கெடைக்குது, அது நம்ம தேவைக்கு எந்த மூலைக்கும் பத்தாது. ஒண்ணு ரெடிமேடா டிஏபியாவே வாங்கணும், இல்லன்னா பாறையையோ அமிலத்தையோ வாங்கி இங்க டிஏபி பண்ணணும். பொட்டாஷ் கதைய கேக்கவே வேணாம், முழுக்க முழுக்க இறக்குமதி, கனடா, ரஷ்யா, பெலாரஸ் மாதிரி நாடுங்கள்லேர்ந்து.

டிஏபிய சீனா நமக்கு நெறைய கொடுத்துக்கிட்டிருந்துச்சு. 2021 அக்டோபர்லேர்ந்து அவங்க உரம் ஏத்துமதிக்கு சோதனை, கட்டுப்பாடுன்னு கொண்டாந்துட்டாங்க, மொதல்ல அவங்க நாட்டு வெவசாயிக்கு, மிச்சம் இருந்தாத்தான் வெளிய. அதோட இப்ப மின்சார வண்டி பேட்டரிக்கும் பாஸ்பேட் போகுது. 2023-24ல சீனாலேர்ந்து நமக்கு வந்த டிஏபி 22 லட்சம் டன், அடுத்த வருஷம் அது 8 லட்சத்து சொச்சம் டன்னா எறங்கிடுச்சு. நம்ம சொசைட்டில லோடு வரலங்குறதுக்கு இது ஒரு பெரிய காரணம். இந்த ஜூலைல சவுதி கூட வருஷத்துக்கு 31 லட்சம் டன் டிஏபிக்கு அஞ்சு வருஷ ஒப்பந்தம் போட்டிருக்காங்க, நல்லதுதான், ஆனா ஒரு கதவு மூடினா அடுத்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டுறதுதானே இது.

இன்னொரு காரணம் கப்பல். எங்க சித்தப்பா மவன் காரைக்காக்காரன், சரக்குக் கப்பல்ல வேலை. போன வருஷம் மொராக்கோவுல ஜோர்ஃப் லாஸ்ஃபர்னு ஒரு தொறைமுகத்துல உரம் ஏத்திக்கிட்டு இருக்கோம்னு வாய்ஸ் மெசேஜ் போட்டான். அக்கா, எங்க பாத்தாலும் தூசி, மூக்குல துணி கட்டிக்கிட்டு நிக்கிறோம், மழைத்தூறல் விழுந்தா உடனே ஹாட்ச் மூடிட்டு சும்மா ஒக்காந்திருக்கோம், ஈரம் பட்டா சரக்கு கட்டியாப் போயிடும்னு. அங்கேர்ந்து சூயஸ் வழியா செங்கடல்ல வந்தா கிட்ட. ஆனா 2023 நவம்பர்லேர்ந்து ஏமன்ல இருக்குற ஹூதிங்க கப்பல்களைத் தாக்க ஆரம்பிச்சதால இவங்க கப்பல் ஆப்பிரிக்காவையே சுத்திக்கிட்டு நன்னம்பிக்கை முனை வழியா வந்துச்சு, ரெண்டு வாரத்துக்கு மேல கூட ஆச்சுன்னான். அத்தன டீசல், அத்தன சம்பளம், அத்தன நாள் தாமசம், எல்லாம் அந்த மூட்டை மேலதான் ஏறும்.

ஆனா நம்ம கையில 1350தான். இது எப்படின்னா மிச்சத்தை அரசாங்கம் கட்டுது. 2022 ஏப்ரல்ல, ரஷ்யா உக்ரைன் சண்டை ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆன நேரம், ஒரு மூட்டை டிஏபிக்கு மானியம் 2501 ரூபான்னு அறிவிச்சாங்க. நாம கொடுக்குறது 1350, ஆக ஒரு மூட்டையோட நெசமான வெலை அன்னைக்கு 3851 ரூபா, கிலோ 77. அந்த வருஷம் நாடு பூராவுக்கும் உர மானியம் மட்டும் 2.5 லட்சம் கோடி ரூபா ஆச்சு. இதை இலவசம்னு பேசுறவங்களை எனக்குப் புடிக்காது. அரிசி கிலோ அறுபதுக்கு விக்கிறதா வேணாமான்னு முடிவு பண்றதுதான் இந்த மானியம், அது எனக்கு மட்டும் கொடுக்குறது இல்ல, சோறு திங்கிற எல்லாருக்கும்தான். ஆனா மூட்டையில அந்த 2501ஐயும் பெருசா போட்டிருந்தா நாம குத்துமதிப்பா அள்ளி எறைக்க மாட்டோம்னு தோணுது.

சரி மொராக்கோ. உலகத்துல இருக்குற பாஸ்பேட் பாறை இருப்புல ஏறக்கொறைய 70 சதவீதம் அந்த ஒரு நாட்டுக் கணக்குல இருக்கு. எண்ணெய்ல சவுதிக்குக்கூட இந்த அளவு பங்கு கெடையாது. கூரிப்கான்னு ஒரு ஊரு, 1921லேர்ந்து அங்க வெட்டிக்கிட்டு இருக்காங்க, அது மொராக்கோவோட சொந்த மண்ணு, பேச்சு இல்ல. ஆனா அந்தக் கணக்குல மேற்கு சகாராவும் சேத்தி. அங்க பூக்ரான்னு ஒரு சுரங்கம். பாலைவனத்து நடுவுலேர்ந்து கடற்கரை வரைக்கும் ஏறக்கொறைய நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கன்வேயர் பெல்ட், உலகத்துலயே நீளமானது, அதுலதான் பாறை தொறைமுகத்துக்கு வருது. நூறு கிலோமீட்டர்னா நம்ம கல்லணைலேர்ந்து வேளாங்கண்ணி பக்கம் போயிடலாம். 1975ல ஸ்பெயின் அந்த நாட்டை விட்டுப் போனப்ப அந்த மண்ணோட மக்களான சஹ்ராவிங்கள யாரும் கேக்கல, மொராக்கோவும் மொரிட்டானியாவும் உள்ள வந்துடுச்சு. போலிசாரியோன்னு ஒரு இயக்கம் 1991 வரைக்கும் சண்டை போட்டுச்சு, அப்புறம் ஐநா வந்து வாக்கெடுப்பு நடத்துறோம்னு சொன்னாங்க, இன்னைக்கு வரைக்கும் நடத்தல. ஒரு லட்சத்துக்கு மேல ஜனங்க பக்கத்துல அல்ஜீரியாவுல திந்தூஃப் பாலைவனத்துல முகாம்ல இருக்காங்க, அகதியாப் போனவங்களோட பேரப்புள்ளைங்க அங்கயே பொறந்து வளந்து நிக்குதுங்க. 2017 மே மாசம் பூக்ரா பாறை ஏத்திக்கிட்டு நியூசிலாந்துக்குப் போன ஒரு கப்பலை தென்னாப்பிரிக்காவுல போர்ட் எலிசபெத் தொறைமுகத்துல கோர்ட் ஆர்டர் போட்டு நிறுத்தினாங்க, இது எங்க மண்ணு, எங்களைக் கேக்காம எடுத்துட்டு வந்திருக்காங்கன்னு போலிசாரியோ கேஸ் போட்டதால. படிச்சப்ப எனக்கு ஒடம்பு சிலுத்துப்போச்சு, சின்ன ஜனம், ஆனா ஒரு கப்பலை நிறுத்தியிருக்காங்க.

பூக்ரா பங்கு மொராக்கோ எடுக்குற மொத்தத்துல சின்னதுதான், அதையும் சொல்லணும். ஆனா மூட்டையில மொராக்கோன்னு மட்டும் போட்டா அது கூரிப்கா கல்லா பூக்ரா கல்லான்னு வாங்குறவங்களுக்கு எப்படித் தெரியும்? டீத்தூள்ல எந்த எஸ்டேட்டுன்னு போடுறாங்க, உரத்துல எந்த சுரங்கம்னு போடுறதுக்கு என்ன?

இந்தக் கதை இன்னைக்கு நேத்து ஆரம்பிக்கல. நமக்கு ஆட்டுக்கிடை எப்படியோ அப்படித்தான் பெரு நாட்டுக்காரங்களுக்கு கடல்பறவை எச்சம். அறுப்பு முடிஞ்சு ராமநாதபுரத்துக் கீதாரிங்க ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்து ராத்திரி வயல்ல கிடை போடுவாங்கல்ல, அந்த மாதிரி சிஞ்சா தீவுங்கள்ல லட்சக்கணக்குல பறவைங்க ஆயிரக்கணக்கான வருஷமா எச்சம் போட்டு மலையா குமிஞ்சு கெடந்துச்சு, குவானோன்னு பேரு. இன்கா ராஜா காலத்துல அந்தப் பறவையக் கொன்னா மரண தண்டனை. 1840கள்ல ஐரோப்பாக்காரங்களுக்கு இது தெரிஞ்சு கப்பல் கப்பலா அள்ள ஆரம்பிச்சாங்க, முப்பது நாப்பது வருஷத்துல மலை காலி. அள்ளுனது தெற்கு சீனாவுலேர்ந்து ஒப்பந்தம்னு சொல்லி ஏமாத்திக் கூட்டிட்டு வந்த கூலிங்க, அந்தத் தூசியிலயே செத்தவங்க எத்தனையோ. நாகப்பட்டினத்துலேர்ந்து பினாங்குக்குக் கப்பலேறின நம்ம ஊரு ஜனங்க ஞாபகம்தான் எனக்கு வந்துச்சு. 1856ல அமெரிக்கா ஒரு சட்டமே போட்டுச்சு, எங்க குவானோ தீவு கண்டாலும், அது வேற நாட்டுக்குச் சொந்தமா இல்லாம, ஆளில்லாம கெடந்தா, அமெரிக்கக் குடிமகன் அதை அமெரிக்கா பேருக்கு எடுத்துக்கலாம்னு.

அப்புறம் வெடியுப்பு. அடகாமா பாலைவனத்துல இருந்த நைட்ரேட்டுக்காக 1879ல சிலி ஒரு பக்கம், பெருவும் பொலிவியாவும் ஒரு பக்கம்னு சண்டை. பொலிவியா ஒரு குவிண்டாலுக்கு 10 சென்ட் வரி போட்டதுதான் ஆரம்பம். முடிவுல பொலிவியாவுக்கு கடற்கரையே போச்சு, இன்னைக்கும் அந்த நாட்டுக்கு கடல் கெடையாது, ஆனா கடற்படை வச்சிருக்காங்க, டிடிகாகா ஏரியில. அப்படி சண்டை போட்டுப் புடிச்ச நைட்ரேட்டும் ரொம்ப நாள் நெலைக்கல, 1913ல ஜெர்மனியில ஓப்பாங்கற ஊருல காத்துலேர்ந்து அமோனியா பண்ற ஃபேக்டரி வந்துடுச்சு, கொஞ்ச காலத்துல சிலியோட சுரங்க ஊரெல்லாம் ஆள் இல்லாமப் போச்சு. நம்ம யூரியா அந்த ஓப்பா வழிதான்.

ஆனா காத்துலேர்ந்து தழைச்சத்து எடுக்கலாம், மணிச்சத்து எடுக்க முடியாது. அது பாறையிலதான் இருக்கு. அதனாலதான் நவ்ரு கதை என் தூக்கத்தைக் கெடுக்குது.

நவ்ரு பசிபிக் கடல்ல ஒரு தீவு. மொத்தமே 21 சதுர கிலோமீட்டர், நம்ம கணக்குல சொன்னா (20 மா ஒரு வேலி) ஏறக்கொறைய 780 வேலி, அவ்ளோதான் நாடே. அந்தத் தீவுலேர்ந்து யாரோ கொண்டாந்த ஒரு கல்லு சிட்னியில ஒரு கம்பெனி ஆபீசுல கதவு சாத்திக்காம இருக்க முட்டுக் கொடுத்துக் கெடந்துச்சு. 1899ல அங்க வேலை பாத்த ஒருத்தர் அதை சோதிச்சுப் பாத்தா நல்ல ஒசந்த ரகப் பாஸ்பேட். அவ்ளோதான், கொஞ்ச வருஷத்துல தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. நெலத்துக்காரங்களுக்கு ஆரம்பத்துல கொடுத்தது டன்னுக்கு அரை பென்னி. மொதல்ல ஜெர்மனி கையில இருந்துச்சு, முதல் உலகப்போருக்கு அப்புறம் பிரிட்டன் ஆஸ்திரேலியா நியூசிலாந்து மூணும் சேந்து எடுத்துக்கிட்டாங்க, அந்தக் கல்லு பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வயலுங்களுக்கும் புல்வெளிங்களுக்கும்தான் போச்சு. 1968 ஜனவரி 31ல நவ்ரு சுதந்திரம் வாங்குச்சு, சுரங்கமும் அவங்க கைக்கு வந்துச்சு, கொஞ்ச காலம் உலகத்துலயே தலைக்கு அதிக வருமானம் இருக்குற நாடுங்கள்ல ஒண்ணா இருந்தாங்க. அப்புறம் கல்லு தீந்துபோச்சு. தீவுல அஞ்சுல நாலு பங்கு நெலம் போச்சு, மண்ணை வழிச்சு எடுத்ததுக்கப்புறம் பவளப்பாறை முள்ளு முள்ளா நிக்குது, ஒரு செடி நட முடியாது, நடக்கவும் முடியாது. தேங்காயும் தாழையும் இருந்த எடம் அது. 1989ல உலக நீதிமன்றத்துல ஆஸ்திரேலியா மேல கேஸ் போட்டாங்க, 1993ல நஷ்டஈடு கொடுத்து முடிச்சாங்க. காசு வரும், 780 வேலியில மேல இருந்த மண்ணு வருமா? பக்கத்துல பனாபான்னு இன்னொரு தீவு, அங்க ஜனங்களையே 1945 டிசம்பர்ல கப்பல்ல ஏத்தி ஃபிஜியில ரம்பின்னு வேற தீவுல கொண்டுபோய் எறக்கிட்டாங்க.

இதைப் படிக்கும்போது நான் கதிராமங்கலத்தை நெனைக்காம இருக்க முடியல. 2017 ஜூன் 30, வயல்ல எண்ணெய்க் குழாய் கசிஞ்சு, தீ எரிஞ்சு, கேக்கப் போன ஜனங்களை அடிச்சு உள்ள தள்ளினது. அந்தப் போராட்டப் பந்தல்ல அப்பா கூட நானும் போய் ஒக்காந்திருக்கேன். அதுக்கு முன்னாடி மீத்தேன் வாயு எடுக்குற திட்டம், மன்னார்குடியச் சுத்தி எங்க ஊரெல்லாம் அந்த வரைபடத்துல இருந்துச்சு. இயற்கை வெவசாயத்துக்காகப் பேசின நம்மாழ்வார் அய்யா 2013 டிசம்பர் 30ல பிச்சினிக்காட்டுல தவறினப்பகூட அந்த எதிர்ப்புப் பயணத்துலதான் இருந்தாரு. 2020 பிப்ரவரியில பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் வந்துச்சு, அதுக்கப்புறமும் 2023 ஏப்ரல்ல வடசேரி, மைக்கேல்பட்டின்னு நிலக்கரி ஏலப் பட்டியல்ல நம்ம ஊருங்க பேரு வந்து, கத்துனதுக்கப்புறம்தான் எடுத்தாங்க. எங்க மண்ணைத் தோண்டாதேன்னு தொண்டை கிழிய கத்துனவங்க நாம, அது சரியான கத்தல், இன்னொரு தடவ கத்தணும்னாலும் வருவேன். ஆனா அன்னைக்கு சாயங்காலம் பந்தலை விட்டு வீட்டுக்கு வந்து நான் கடையில எடுத்த மூட்டைக்குள்ள இருந்தது வேற யாரோ ஊரத் தோண்டின மண்ணு. அவங்களுக்குப் பந்தல் போட நாதி இருந்துச்சா இல்லையான்னு ஒரு நாளும் நான் யோசிச்சது கெடையாது.

அதனால டிஏபி வாங்காதீங்கன்னு சொல்ல வரல. நம்மாழ்வார் அய்யா இருந்தா இந்த மூட்டையே வேணாம்னுதான் சொல்லுவாரு, அவர் மேல எனக்கு மரியாதை ரொம்ப உண்டு, ஆனா மூணு மா குத்தகைக்கு எடுத்து வட்டிக்கு வாங்கி நடுற அக்காகிட்ட போய் இந்த வருஷம் உரத்தை நிறுத்துன்னு என்னால சொல்ல முடியாது, வெளைச்சல் கொறைஞ்சா குத்தகை நெல்லை யாரு அளக்குறது. 1934ல மேட்டூர் கட்டுறதுக்கு முன்னாடி வெள்ளத்தோட வண்டல் வந்து வயல்ல படியும், அதுவே பாதி உரம்னு தாத்தா சொல்லுவாரு. இப்ப வண்டல் அணையிலயே தங்கிடுது. 1960ல நம்ம தஞ்சாவூர் ஜில்லாவையே பாக்கேஜ் திட்டம்னு தேர்ந்தெடுத்து வெதை உரம் கடன் எல்லாம் சேத்துக் கொடுத்தாங்க, பின்னாடியே ஆடுதுறை 27 வந்துச்சு, உரம் போட்டா வெளையிற நெல்லு. அப்பலேர்ந்து நாம இந்த மூட்டையோட பழகிட்டோம், ஒரே நாள்ல விட்டுட முடியாது.

விட வேணாம், அளந்து போடுங்க. எனக்கு சொல்ல இருக்குறது இதுதான். பரிந்துரைப்படி டெல்டாவுல நெல்லுக்கு ஹெக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து, அப்ப ஏக்கருக்கு 20 கிலோ. ஒரு மூட்டையிலயே 23 கிலோ இருக்கு. எங்க பக்கம் ஏக்கருக்கு ஒண்ணரை ரெண்டுன்னு போடுறவங்க நெறைய பேரு, நானும் மொதல் ரெண்டு போகம் அப்படித்தான் போட்டேன், அப்பா போட்டாரு நானும் போட்டேன். போட்டதுல கால்வாசிக்கும் கீழதான் அந்தப் போகத்துப் பயிர் எடுக்கும், மிச்சம் களிமண்ணுல புடிச்சு ஒக்காந்துக்கும், கொஞ்சம் மழைத்தண்ணியோட வடிவாய்க்காலுக்குப் போய் ஆகாயத்தாமரைக்கு சாப்பாடாகும். 2024 சம்பாவுக்கு முன்னாடி மண்ணு எடுத்துக் கொண்டுபோய் பரிசோதனைக்குக் கொடுத்தேன், அட்டையில மணிச்சத்து அதிகம்னு வந்துச்சு. ரொம்ப காசு செலவில்லாத வேலை அது, ஏன் அத்தன வருஷம் பண்ணலன்னு எனக்கே வருத்தமா இருந்துச்சு. மூணு மாவுல மட்டும் தைரியமா பாதி மூட்டை போட்டு, பாஸ்போபாக்டீரியாவ தொழுவுரத்துல கலந்து எறைச்சேன், அது மண்ணுல புடிச்சுக் கெடக்குற மணிச்சத்தை எளக்கிக் கொடுக்கும். நடவுக்கு முன்னாடி பசுந்தாள் உரமா தக்கைப்பூண்டு வெதைச்சு மடக்கி உழுததும் அந்த மூணு மாவுலதான். அறுவடையில அந்த மூணு மாவுக்கும் மத்த வயலுக்கும் வித்தியாசம் தெரியல, கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பம் கணக்குல ரெண்டுலயும் மாவுக்கு 15, 16ன்னுதான் வந்துச்சு. உங்க மண்ணு வேற மாதிரி இருக்கலாம், அட்டையப் பாத்துட்டுப் பண்ணுங்க. மணல்பாங்கான எடம், புதுசா திருத்தின எடம்னா கொறைக்காதீங்க.

இந்தக் குறுவைக்கு 12 மாவுக்கும் சேத்து ரெண்டே மூட்டைதான். அந்த ரெண்டுக்குத்தான் பாட்டிலையும் பாக்கெட்டையும் தலையில கட்டினாங்க, ஆனா முன்ன மாதிரி ஆறு மூட்டை வாங்கியிருந்தா ஆறு பாட்டில் வந்திருக்கும். சூப்பர் பாஸ்பேட்டும் பாத்தேன், 16 சதவீதம்தான் மணிச்சத்து, கந்தகமும் இருக்கு, டிஏபி இல்லாத நேரம் தைரியமா வாங்கலாம், தூக்குறதுக்கு ஆள் செலவு கூட ஆகும்.

தாளடிக்கு சொசைட்டில இப்பயே சொல்லி வச்சு நேரத்தோட வாங்கிட்டேன், இணைப்பொருள் எதுவும் கொடுக்கல, பில்லும் சுத்தம், அதுக்கு அவங்களுக்கு நன்றி. மூட்டைய தரையில வைக்காதீங்க, பலகை போட்டு அது மேல வச்சு தார்ப்பாய் மூடி வைங்க, ஐப்பசி ஈரத்துல கட்டியாயிடும்.

நேத்து கடைசி உழவு. எங்க வீட்டுல அப்பா காலத்துலேர்ந்து உரம் எறைக்கிற தாத்தா ஒருத்தர் இருக்காரு, கூடைய வாங்கிப் பாத்துட்டு, என்ன பாப்பா, கொட்டாங்கச்சில அளந்த மாதிரி கொடுக்குற, உங்கப்பா இதப் பாத்தா என்ன சொல்லுவாருன்னாரு. வரப்புல ஒக்கார வச்சு டீ ஊத்திக் கொடுத்து நவ்ரு கதையச் சொன்னேன். கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்லைச் சொன்னப்ப டம்ளரைக் கீழ வச்சுட்டாரு. முழுசா கேட்டுட்டு, எத்தன வேலின்னு சொன்ன? ன்னு கேட்டாரு. எழுநூத்தி எண்பது தாத்தான்னேன். கொஞ்ச நேரம் எதிர்ல பாத்துக்கிட்டே இருந்தாரு. நம்ம ஊரும் கீழத்தெருவும் ஆத்துக்கு அந்தாண்ட ரெண்டு ஊரும் சேத்தாலும் அவ்ளோ வராதுன்னு சொல்லிட்டு, கூடைய இடுப்புல வச்சுக்கிட்டு எறங்கி, எப்பவும் கை நெறைய அள்ளுறவரு மூணு விரல்ல அள்ளி எறைக்க ஆரம்பிச்சாரு.